மலையேறியவர்களும் கடல் கடந்தவர்களும்
குடிபெயர்ந்தோரின் கூட்டு வாழ்வு: பழனி மலையிலிருந்து ஒரு பார்வை

அமெரிக்க நகரங்களில் வாழும் தமிழர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. பனி கொட்டும் ஊரிலும் பொங்கல் பானை பொங்கியது என்று மகிழ்வது ஒன்று. பிள்ளைகள் நாக்கில் தமிழ் ஏறவில்லையே என்று அங்கலாய்ப்பது மற்றொன்று. குடிபெயர்ந்தவர்கள் எதனால் கூடுகிறார்கள், அந்தக் கூட்டம் எத்தனை தலைமுறை நிற்கிறது, எதனால் கலைகிறது என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை.

விடை தேட நியூயார்க்குக்குப் போகுமுன் பழனி மலைத்தொடருக்குப் போவது நல்லது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகக் கிளாவரை வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையில் மூன்று குடியேற்றங்களின் தடம் இருக்கிறது. சமவெளியிலிருந்து ஏறிவந்த உழவர்கள், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பாதிரிமார்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தொழிலாளர்கள். மூவரும் ஒரே மலைக்குத்தான் வந்தார்கள். மூவருக்கும் வாய்த்த கூட்டு வாழ்வு வேறுவேறு. அமெரிக்கத் தமிழரின் நிலையை அளக்க இந்த மூன்றும் நல்ல அளவுகோல்கள்.

மேல்மலை: வேரூன்றியவர்கள்

கிளாவரை மேல்மலைக் கிராமங்களின் கடைசி ஊர். அதற்கு அப்பால் கேரளத்தின் வட்டவடை, கோவிலூர்ப் பகுதி. அங்கும் தமிழ் பேசும் விவசாயிகள்தான். படிப்படியாக வெட்டிய சரிவுகளில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மேல்மலை நிலங்களின் சரக்கு.

இன்று மண்ணின் மக்களாகத் தெரிகிற இவர்களில் பலருடைய முன்னோர் ஒரு காலத்தில் வந்தேறிகள். தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் குன்னுவர் எனும் உழவர்கள் மலையேறினார்கள் என்ற வழக்கை ஜே.எச். நெல்சன் 1868-இல் வெளியான மதுரை மாவட்டக் கையேட்டில் பதிவு செய்தார். பின்னர் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டனும் அதை எழுதினார். பஞ்சம் என்றும் போர் என்றும் காரணங்கள் சொல்லப்படுகின்றன. லெப்டினன்ட் பி.எஸ். வார்டு 1821-இல் இந்த மலையை அளக்க வந்தபோதே மேல்மலையில் ஊர்களும் விளைநிலங்களும் நிலைத்திருந்தன.

இவர்கள் சங்கம் அமைக்கவில்லை, ஆண்டு விழா நடத்தவில்லை. நிலத்தையும் நீரையும் பங்கிட்டுக்கொண்டார்கள். வழக்குத் தீர்க்க மன்னாடி என்ற தலைவர் இருந்தார். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் தேர் சுற்றுப்பட்டு ஊர்களைச் சேர்த்தது. குடியேற்றம் முழு வெற்றி பெற்றால் அது குடியேற்றம் என்பதே மறந்துபோகும். மேல்மலையில் அதுதான் நடந்தது.

அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது; அதைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். பளியரும் புலையரும் ஏற்கெனவே இந்த மலையில் வாழ்ந்தவர்கள். புலையர்கள் குன்னுவ நிலக்காரர்களுக்கு அடிமைப்பட்டிருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களே பேசுகின்றன. வந்தவர் ஊர்க்காரர் ஆனபோது, முன்பே இருந்தவர் ஊரின் ஓரத்துக்குப் போனார். ஒரு சமூகம் தனக்குள் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு விடுபட்டுப்போகும்.

சீசன் சமூகம்: கொடைக்கானல் அமெரிக்கர்கள்

இரண்டாவது குடியேற்றம் நோயில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரையில் கால் வைத்தது. காலராவும் சீதபேதியும் மிஷன் குடும்பங்களைத் தாக்கின. குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். திண்டுக்கல்லுக்கு அருகே சிறுமலையில் ஓய்விடம் தேடினார்கள். அங்கே காய்ச்சல் விடவில்லை. 1845-இல் பழனி மலையில் ஏழாயிரம் அடி உயரத்தில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. கொடைக்கானல் என்ற நகரத்தின் தொடக்கம் அவைதான். பெரும்பாலான மலைவாசத் தலங்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்காகப் பிறந்தவை; கொடைக்கானலுக்கு விதை போட்டவர்கள் அமெரிக்கர்கள்.

அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. 1875-இல் ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ மலையேறவேண்டும். மோட்டார் பாதை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் திறந்தது. அதுவரை அமெரிக்கத் துரைசானிகளையும் குழந்தைகளையும் பெட்டி படுக்கைகளையும் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் தமிழ்க் கூலிகள். சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், வண்ணார் என்று இன்னொரு குடியேற்றம் அவர்களோடு சேர்ந்து மலையேறியது. இன்றைய கொடைக்கானல் நகரத்தில் பல குடும்பங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

ஆங்கில அதிகாரிகளுக்கு 1887-இல் கிளப் வந்தது. 1890-இல் மிஷனரிகள் கொடைக்கானல் மிஷனரி யூனியனை அமைத்தார்கள். டென்னிஸ் மைதானம், நூலகம், மாலைச் சொற்பொழிவு, இசை நிகழ்ச்சி, ஜெபக் கூட்டம் எல்லாம் அதன் கூரைக்குக் கீழ். மதுரையின் அமெரிக்க மிஷனாருக்கும் ஆற்காட்டு மிஷனாருக்கும் ஊரில் சபை வேறு, முறை வேறு. சமவெளியில் ஒரே மேசையில் உட்கார வாய்ப்பு அரிதாக இருந்தவர்கள் ஏரிக்கரையில் ஒன்றாகத் தேநீர் குடித்தார்கள். ஆள் குறைவு என்பதால் வேற்றுமை சுருங்கியது. ஆள் பெருகியபோது மிசூரி லூத்தரன்கள் தங்களுக்கென்று லாக் எண்ட் வளாகத்தை வைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது குடியேறியவர்கள் தங்கள் சமூகத்தின் எல்லையை விரிக்கிறார்கள். கூடியதும் உள்ளே தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். இதே போக்கை அமெரிக்காவிலும் பார்ப்போம்.

இந்தச் சமூகத்தின் நடுநாயகம் பிள்ளைகள். மிஷன் குடும்பங்கள் சின்ன வயதிலேயே குழந்தைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பது வழக்கம். அந்தப் பிரிவைத் தவிர்க்க 1901-இல் ஹைகிளார்க் என்ற பழைய ஓட்டல் கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. முன்நின்றவர் மார்கரெட் எடி. மிஷனரியான மகனைப் பார்க்க இந்தியா வந்த தாய். கோடையில் பெற்றோர் மலையேறுவார்கள். குளிர்காலத்தில் பிள்ளைகள் சமவெளிக்கு இறங்குவார்கள். நாட்காட்டியே குடும்பத்தைச் சேர்த்துவைக்க வகுக்கப்பட்டது.

ஆனால் அது விடுமுறைச் சமூகம். சமவெளியில் இவர்கள் தமிழ் படித்து, தமிழரோடு பழகி, பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியவர்கள். மலையில் அமெரிக்கராக இருப்பதற்கு ஓய்வு கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் புதிய மிஷனரிகளுக்கு விசா அரிதானது. திருச்சபைகள் இந்தியர் கைக்கு வந்தன. வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் 1960-இல் கொடைக்கானல் ஹில்டாப் வீட்டில் காலமானபோது அந்தத் தலைமுறையும் முடிவை நெருங்கியிருந்தது. தேநீர்க் கூட்டங்களும் நூலக மாலைகளும் ஆட்களோடு போயின.

போகாதது பள்ளி. 1970-களில் அது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆயிற்று. இந்தியப் பிள்ளைகளுக்கு வாசல் அகலத் திறந்தது. 1976-இல் இந்தியாவில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) பாடத்திட்டத்தைக் கொண்டுவந்த முதல் பள்ளி என்ற பெயரும் பெற்றது. 1985-இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தில் வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரும் கைகோத்துச் சோலைக்காடுகளுக்காக வேலை செய்தார்கள். தமக்காக மட்டும் வைத்துக்கொண்டவை தம்மோடு முடிந்தன. பிறருக்குத் திறந்தவை பிறருடையவையாகி நின்றன.

சிலோன்காரர்கள்: மொழி மட்டும் போதவில்லை

மூன்றாவது குடியேற்றத்தை நாம் குடியேற்றம் என்று சொல்வதே இல்லை. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அங்கே தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. வந்தவர்கள் ராமேஸ்வரம் கரையில் இறங்கி மண்டபம் முகாமில் பதிவானார்கள். பலர் நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். குளிர் பழகிய உடம்புக்கு மலைதான் சரி என்று கொடைக்கானல் பக்கம் வந்தவர்களும் உண்டு.

இவர்கள் தமிழர்கள், வந்த இடம் தமிழ்நாடு. மொழி, சாமி, சாப்பாடு எதிலும் வேற்றுமை இல்லை. ஆயினும் மற்ற இருவரைவிட இவர்களுக்கே கூட்டு வாழ்வு கடினமாக இருந்தது. வாட்டில் மரங்களை வெட்டிப் பட்டை உரிக்கும் வேலையில் முன்பணம் வாங்கி, காட்டுக்குள் தற்காலிகக் குடிசைகளில் தங்கி, கடனிலிருந்து மீளமுடியாமல் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களின் நிலை 1980-களில் வெளிச்சத்துக்கு வந்தது. வெட்டும் இடம் மாறினால் குடிசையும் மாறும். நிலையான முகவரி இல்லாதவர்களுக்குக் கோயில் கமிட்டியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சிலோன்காரர்.

அதே இலங்கையிலிருந்து இதே மலைக்கு வந்த இன்னொரு தடமும் உண்டு. இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்; கணவர் மறைந்தபின் 1936-இல் அவர் எழுப்பியதே கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயில். மொழியாலும் பிறப்பாலும் அந்நியரான ஒருவர் கட்டிய கோயில் ஊரின் கோயிலாகிவிட்டது. மொழியும் பிறப்பும் நம்முடையதான ஒரு கூட்டம் காட்டோரத்தில் கிடந்தது. கூடி வாழ்வதற்கு ஒரே மொழி பேசினால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். நிலைத்த இடம், சட்டத் தகுதி, கொஞ்சம் மிச்சப் பணம், கொஞ்சம் மிச்ச நேரம் இந்த நான்கும் இருந்தால்தான் மொழி சமூகமாகத் திரள்கிறது.

கடல் கடந்தவர்கள்: கோயில், சங்கம், பள்ளி

அமெரிக்கத் தமிழருக்கு இந்த நான்கும் கிடைத்தன, ஒரேயடியாகக் கிடைக்கவில்லை. 1965-இன் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்துத் தொழில் தேர்ச்சிக்கு இடம் கொடுத்தபின் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் சென்றார்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழர்கள் வந்தார்கள். 1990-இன் சட்டம் எச்-1பி வேலை விசாவை உருவாக்கியது. மென்பொருள் அலை அதன் மேல் ஏறியது. இன்று அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுவோர் மூன்று லட்சத்துக்கு மேல்.

முதலில் வந்தவை சங்கங்கள். சிகாகோ தமிழ்ச் சங்கம் 1969-இல், நியூயார்க் தமிழ்ச் சங்கம் 1970-இல். பல்கலைக்கழக அரங்கை வாடகைக்கு எடுத்து ஒரு தமிழ்ப் படம், வீட்டுக்கு ஒரு பதார்த்தமாகக் கொண்டுவந்த சாப்பாடு. அன்றைய சங்கம் பெரும்பாலும் அவ்வளவுதான். 1987-இல் சங்கங்கள் இணைந்து வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை ஆயின. அதன் ஆண்டு விழா அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-ஐ ஒட்டிய விடுமுறையில் நடக்கிறது. 2019-இல் பத்தாம் உலகத் தமிழ் மாநாடும் அதனுடன் சேர்ந்து சிகாகோவில் நடந்தது.

அடுத்தது கோயில். ஐ.நா. அலுவலரான அழகப்பா அழகப்பன் முன்நின்று 1970-இல் தொடங்கிய அமைப்பு, நியூயார்க் குவீன்ஸின் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயில் கட்டி 1977 ஜூலை 4-இல் குடமுழுக்கு நடத்தியது. அதே காலத்தில் பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸில் வெங்கடேசுவரர் கோயில் எழுந்தது. ஹூஸ்டன் அருகே பியர்லாந்தில் மீனாட்சி வந்தாள். ஃபிளஷிங்கில் பிள்ளையாரோடு சிவனும் முருகனும் வெங்கடேசுவரரும் ஒரே கூரையின் கீழ். தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் சேர்ந்து பணம் போட்டால்தான் கோயில் என்ற நிலை; அந்தத் தேவைக்கு ஆகமம் இடம் கொடுத்தது. மிஷனரி யூனியனில் சபைகள் சேர்ந்ததும் இதே கணக்கில்தான். கோயிலின் அடித்தளத்துத் தோசைக் கேண்டீன் சாமி கும்பிடாதவர்களையும் வரவழைத்தது. கலிபோர்னியாவில் தைப்பூசத்துக்குக் கான்கார்டு முருகன் கோயிலை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். பழனிப் பாதயாத்திரை நெடுஞ்சாலை நடைபாதையில் தொடர்கிறது.

மூன்றாவது பள்ளி. 1998-இல் கலிபோர்னியாவில் ஒரு சில குழந்தைகளோடு தொடங்கிய தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடநூலும் தேர்வும் வைத்திருக்கிறது. வார இறுதியில் வாடகை வகுப்பறையில் பெற்றோரே ஆசிரியர், சம்பளம் இல்லை. இந்த உழைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். எச்-1பி விசாக்காரரின் மனைவியாக எச்-4 விசாவில் வந்தவர்களுக்கு நீண்ட காலம் வேலை செய்ய அனுமதி இல்லை; 2015-இல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்தது. பொறியியலும் முதுகலையும் படித்துவிட்டு வீட்டில் அடைபட்ட பெண்களின் திறமை தமிழ் வகுப்புக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் விழா ஒத்திகைக்கும் வந்து சேர்ந்தது. கொடைக்கானல் பள்ளியைத் தொடங்கி வைத்ததும் மிஷன் ஊதியப் பட்டியலில் இல்லாத ஒரு தாய்தான். குடியேறியோரின் நிறுவனங்களைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் சம்பளம் பெறாத பெண்களின் நேரம். மேடையில் பொன்னாடை வேறு தோள்களுக்குப் போகிறது.

பிறகு பெரிய கனவுகள். 1978-இல் தொடங்கிய கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனை சென்னை மார்கழி சீசனுக்கு அடுத்தபடி பேசப்படும் கச்சேரி விழாவானது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய அறுபது லட்சம் டாலர், இரண்டு மருத்துவர்கள் தொடங்கிய முயற்சியில் உலகத் தமிழரின் நன்கொடையும் தமிழ்நாட்டு அரசின் பத்துக் கோடி ரூபாயும் சேர்ந்து 2018-இல் நிறைந்தது.

பிளவுகளும் விசாக்களும்

ஆள் பெருகியதும் தடுப்புச் சுவர்களும் வந்தன. மொழிக்கொரு சங்கம், பிறகு ஒரே நகரில் இரண்டு தமிழ்ச் சங்கம், பிறகு ஊர்வாரி, சாதிவாரி வாட்ஸ்அப் குழுக்கள். மேடையில் பறையும் சிலம்பமும் பெருமையாக ஏறின. பறையடித்தவர்களின் பிள்ளைகள் அதே நகரத்து வேலையிடங்களில் சாதிக் கேள்வியைச் சந்திப்பதாகச் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது; அப்படிச் செய்த முதல் அமெரிக்க நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். இரண்டு பக்கத்திலும் இந்தியர்கள் நின்றார்கள். மேல்மலையில் வேரூன்றியவர்கள் புலையருக்குச் செய்ததைச் சங்கங்கள் தங்களுக்குள் செய்யாமலிருக்கின்றனவா என்பது இப்போது பொதுக் கேள்வி.

இன்னொரு சுவர் சட்டத்தினுடையது. வேலைவழி நிரந்தர வசிப்புரிமையில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகள் நீள்கிறது. பெற்றோரோடு சார்பு விசாவில் வந்த பிள்ளைக்கு இருபத்தொரு வயதானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்து, பொங்கல் விழாவில் ஆடி வளர்ந்த பிள்ளை தான் வளர்ந்த ஊரில் இருக்கத் தகுதியற்றவராகலாம். அதே சங்கத்தில் முன்வரிசையில் இருப்பவர் 1970-களில் வந்து குடியுரிமை பெற்ற மருத்துவர். பின்வரிசையில் இருப்பவர் விசா புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் இளைஞர். இருவரும் ஒரே பொங்கலைச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு அது தன் ஊர், மற்றவருக்கு இன்னும் முகாம்.

அக்கம்பக்கத்தோடு உறவு இன்னொரு சோதனை. மிஷனரிகள் தமிழ் கற்றார்கள். அமெரிக்கத் தமிழர் ஆங்கிலம் பேசுகிறார்கள். இது மட்டும் போதாது. உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தல், உணவு வங்கி, புயலில் வீடிழந்தவருக்கான உதவி ஆகியவற்றில் ஒரு சங்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.

எதை அளப்பது?

நான்கு குடியேற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு வரலாம். கூட்டு வாழ்வு கலாசாரப் பற்றில் தொடங்குவதில்லை. நோய், பிள்ளை, கல்யாணம், சாவு இவற்றை ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது என்ற இடத்தில் தொடங்குகிறது. கலாசாரம் அதன் மேல் பின்னால் வந்து படிகிறது. தொடங்குவதற்கு மொழி உதவும். நிலைப்பதற்கு இடமும் சட்டத் தகுதியும் வேண்டும். சிலோன்காரர்களுக்கு அவை கிடைக்காததால் சொந்த மண்ணிலேயே அந்நியரானார்கள்.

அடுத்த முடிவு கொஞ்சம் கசப்பானது. தலைமுறை தாண்டி நிற்கும் நிறுவனங்கள் நிறுவியவர்களின் சாயலில் நிற்பதில்லை. கொடைக்கானல் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பான்மையோர் மிஷனரி வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அது தோல்வி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கலிபோர்னியாவின் தமிழ்ப் பள்ளியில் ஐம்பது ஆண்டு கழித்துப் படிக்கும் பிள்ளைக்குத் தாய் தமிழச்சியாகவும் தந்தை கொரியராகவும் இருக்கலாம். ஃபிளஷிங் கோயில் கேண்டீனில் தோசை தின்பவர்களில் பாதிப்பேருக்குப் பிள்ளையாரின் பெயர் சரியாக உச்சரிக்க வராமல் இருக்கலாம். இதைத் தேய்வு என்று பார்த்துக் கதவை இறுக்கும் சங்கம் தன் தலைமுறையோடு முடியும். இதை வரவு என்று எழுதும் சங்கத்துக்கு எதிர்காலம் உண்டு.

சங்கங்கள் ஆண்டறிக்கையில் பொங்கலுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை டாலர் சேர்ந்தது என்று எழுதுகின்றன. எந்தத் தமிழர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு பத்தியும் எழுதத் தொடங்கலாம். நுழைவுக் கட்டணம் கூடுதல் என்று ஒதுங்கிய உணவகத் தொழிலாளி, மேடையில் தன் சாதியைக் குத்திய நகைச்சுவையைக் கேட்டு எழுந்துபோன குடும்பம், தமிழ் சரியாக வராததால் கேலிக்குள்ளான பதினாறு வயதுப் பெண் ஆகியோர் அந்தப் பத்தியில் இடம்பெறுவார்கள். வந்தவர் தொகையைவிட அந்தப் பத்திதான் அந்தச் சங்கம் இன்னும் எத்தனை தலைமுறை தாங்கும் என்பதைச் சரியாகச் சொல்லும்.